யார்க்‌ஷயர் டேல்ஸ்ல பழைய கல்லு வீடு லீவுக்கு எடுக்கறதுக்கு முன்னாடி எல்லாரும் கேக்கற கேள்விகள்

லண்டன், லெஸ்டர், மில்டன் கீன்ஸ் பக்கம் இருக்கற நம்மாளுங்க யாராவது "இந்த வாட்டி லீவுக்கு ஒரு ஸ்டோன் காட்டேஜ் எடுக்கலாம்னு இருக்கோம்"னு ஆரம்பிச்சா அடுத்து வர்ற கேள்வியெல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கு, அதனால மொத்தமா எழுதிட்டேன். டேல்ஸ, அதாவது வடக்கு இங்கிலாந்துல இருக்கற பள்ளத்தாக்குப் பகுதிய, மனசுல வெச்சு எழுதினது. லேக் டிஸ்ட்ரிக்ட், வேல்ஸ், காட்ஸ்வோல்ட்ஸ்னு எங்க போனாலும் முக்கால்வாசி பொருந்தும்.

நெஜமாவே பழைய வீடா, இல்ல பாக்க மட்டும் பழசா?

பெரும்பாலும் நெஜமாவே பழசுதான். டேல்ஸ்ல 17, 18ம் நூற்றாண்டு வீடுங்க நெறைய இருக்கு. வாசல் நிலைக்கு மேல ஒரு கல்லுல வருஷமும் ரெண்டு மூணு எழுத்தும் செதுக்கி வெச்சிருப்பாங்க, அது அந்த வீட்ட கட்டின புருஷன் பொண்டாட்டியோட இனிஷியல். போனதும் மொதல்ல அதைத் தேடிப் பாருங்க, பசங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்.

சுவர் ரெண்டு அடி கனம் சாதாரணமா இருக்கும். உள்பக்கம் ஒரு வரிசை கல்லு, வெளிப்பக்கம் ஒரு வரிசை, நடுவுல சில்லுக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். கூரையும் கல்லுப் பலகைதான், கீழ் ஓரத்துல பெரிசு பெரிசா ஆரம்பிச்சு உச்சிக்குப் போகப்போக சின்னதாயிடும். ஸ்வேல்டேல், கிராஸிங்டன் பக்கம்லாம் ஈயச் சுரங்கத்துல வேலை பாத்தவங்க குடியிருந்த வீடுங்க, மத்தது ஆடு மாடு வெச்சிருந்தவங்க வீடு. சில வீட்டுல ஒரே கூரைக்குக் கீழ ஒரு பாதி மனுஷங்களுக்கு, இன்னொரு பாதி மாட்டுக்கும் வைக்கோலுக்கும். அதாவது வேலை செஞ்சு களைச்சு வர்றவங்க குளிருக்கு ஒதுங்கறதுக்காக கட்டினது, ஹால் பெருசா, ஜன்னல் பெருசா, ரூமுக்கு ரூம் பாத்ரூம்னு எல்லாம் எதிர்பார்த்துட்டு போனா முதல் நாளே மூஞ்சி தொங்கிடும். அந்த மாதிரிதான் வேணும்னா பார்ன் கன்வர்ஷன்னு தேடுங்க, பழைய தொழுவத்த வீடா மாத்தினது, உள்ள உயரமா விசாலமா இருக்கும்.

காலண்டர்ல வர்ற தேன் கலர் வீடுங்க இங்க இருக்கா?

இல்ல. அது காட்ஸ்வோல்ட்ஸ், அங்க கிடைக்கற சுண்ணாம்புக்கல்லோட கலரு அது. டேல்ஸ் வீடுங்க சாம்பல் கலர், மழை பெஞ்சா இன்னும் இருட்டா தெரியும். காட்ஸ்வோல்ட்ஸ்ல பிபரினு ஒரு ஊர்ல ஆர்லிங்டன் ரோனு ஒரு வரிசை வீடு இருக்கு, 1380 வாக்குல கம்பளி சேமிக்கிற கிடங்கா கட்டி 17ம் நூற்றாண்டுல நெசவாளிங்க வீடா மாத்தினது, அதுல ஒண்ண பழைய எடங்கள பாதுகாக்கற நேஷனல் டிரஸ்ட் அமைப்பே லீவுக்கு வாடகைக்கு விடுது. அழகுதான். ஆனா பகல் முழுக்க உங்க ஜன்னலுக்கு வெளிய யாராவது போட்டோ எடுத்துட்டே இருப்பாங்க. எனக்கு டேல்ஸ்தான்.

வெள்ளிக்கிழமை வந்து வெள்ளிக்கிழமைதான் போகணும்ங்கறாங்களே, ஏன்?

ஒரு வீட்ட சுத்தம் பண்றது ஊர்ல இருக்கற ஒருத்தரோ ரெண்டு பேரோதான், அவங்களே நாலஞ்சு வீட்டுக்கு போவாங்க. அதனால வெள்ளி இல்லாட்டி சனிக்கிழமை காலைல 10 மணிக்குள்ள பழைய ஆளுங்க கிளம்பணும், சாயங்காலம் 4 மணிக்கு புதுசா வர்றவங்க உள்ள போகலாம். சம்மர்ல முழு வாரமாத்தான் விடுவாங்க. மத்த மாசத்துல வெள்ளி டு திங்கள் மூணு ராத்திரி, திங்கள் டு வெள்ளி நாலு ராத்திரினு கிடைக்கும். ஆச்சரியம் என்னன்னா பல வீட்டுல அந்த நாலு ராத்திரியும் மூணு ராத்திரியும் ஒரே ரேட்தான், லீவு போட முடிஞ்சா திங்கக்கிழமை போறதுதான் லாபம்.

ரேட் ஏன் இப்படி ஏறி எறங்குது?

ஸ்கூல் லீவு. வேற காரணமே கிடையாது. அதே வீடு, அதே கட்டில், ஹாஃப் டேர்ம் வாரத்துல ஒரு ரேட், அதுக்கு முந்தின வாரம் வேற ரேட். ஸ்கூல் போற பசங்க இல்லைன்னா மே மாசம் நடுவுலயோ செப்டம்பர் கடைசியிலயோ போங்க. ஜூன்லயும் நல்லாருக்கும், ராத்திரி 10 மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கும், ஸ்வேல்டேல் மேல்பக்கம் மக்கர்ங்கற ஊர்ல வைக்கோல் புல்வெளி முழுக்க பூவா இருக்கும்.

ரேட்டோட சேத்து ஓனர்கிட்ட கேக்க வேண்டியது: பெட்ஷீட், டவல் சேத்தியா, கரண்டும் ஹீட்டிங் ஆயிலும் சேத்தியா, விறகு எவ்ளோ குடுப்பீங்க, நாய்க்கு தனியா காசா. புக்கிங் ஃபீஸ்னு ஒண்ணு தனியா இருக்கானு பாத்து, அதையும் கூட்டிக்கோங்க.

புக் பண்ணிட்டு மனசு மாறினா 14 நாளுக்குள்ள கேன்சல் பண்ணலாம்தானே?

முடியாது. இதுல நெறைய பேர் ஏமாந்து போறாங்க. ஆன்லைன்ல வாங்கற பொருளுக்கு இருக்கற அந்த 14 நாள் உரிமை, தேதி குறிச்சு புக் பண்ற தங்குமிடத்துக்கு கிடையாது, 2013 கன்ஸ்யூமர் காண்ட்ராக்ட்ஸ் விதியிலயே அதுக்கு விலக்கு இருக்கு. சாதாரணமா கால் பங்கோ மூணுல ஒரு பங்கோ டெபாசிட் கட்டி, மீதிய தங்கப்போற தேதிக்கு எட்டு வாரம் முன்னாடி கட்டணும்பாங்க, அதுக்கப்புறம் கேன்சல் பண்ணா திரும்பி வர்றது ரொம்பக் கம்மி. கண்டிஷன்ஸ படிக்காம பட்டன அமுக்காதீங்க.

கிரெடிட் கார்டுல கட்டுங்க. 100 பவுண்டுக்கு மேல 30,000 பவுண்டுக்குள்ள இருந்தா 1974 கன்ஸ்யூமர் கிரெடிட் சட்டத்தோட 75வது பிரிவுல கார்டு கம்பெனிக்கும் பொறுப்பு உண்டு. ஆனா நடுவுல ஒரு ஏஜென்ட் காசு வாங்கி ஓனருக்கு கொடுக்கற மாதிரி இருந்தா அந்தப் பாதுகாப்பு அறுந்து போகவும் வாய்ப்பு இருக்கு, அதையும் தெரிஞ்சு வெச்சுக்கோங்க. வெப்சைட்ல பாத்த வீட்டுக்கு "நேரா என் பேங்க் அக்கவுண்ட்ல போடுங்க, டிஸ்கவுண்ட் தரேன்"னு மெசேஜ் வந்தா அத்தோட நிறுத்திடுங்க, போட்டோவ திருடி இல்லாத வீட்ட வாடகைக்கு விடறவங்க இருக்காங்க. ஸ்காட்லாந்துல எடுக்கறதா இருந்தா விளம்பரத்துலயே லைசன்ஸ் நம்பர் போட்டிருக்கணும்னு சட்டம், நம்பர் இல்லைன்னா கேளுங்க.

குளிருமா? உண்மைய சொல்லுங்க.

குளிரும், ஆனா நீங்க நெனைக்கற மாதிரி இல்ல.

இந்த சுவர் சூடேற நேரம் எடுக்கும், சூடேறிட்டா அவ்ளோ சீக்கிரம் விடாது. உங்களுக்கு முன்னாடி வீடு நாலஞ்சு நாள் காலியா இருந்திருந்தா கல்லு ஜில்லுனு கெடக்கும், நீங்க போய் ஹீட்டிங்க 25ல வெச்சாலும் காத்துதான் சூடாகும், சுவர் பக்கத்துல உக்காந்தா முதுகு சில்லுங்கும், உடனே ரேடியேட்டர் வேலை செய்யலைனு ஓனருக்கு போன் போட வேண்டியது. அதனால புக் பண்ணும்போதே "நாங்க வர்றதுக்கு முந்தின நாள்லேர்ந்தே ஹீட்டிங் போட்டு வெக்கறீங்களா"னு கேளுங்க. போனதுக்கப்புறம் ஆன் ஆஃப் ஆன் ஆஃப்னு ஆடாம 18, 19ல நிறுத்தி அப்படியே விடுங்க, ரெண்டாவது நாள் வீடே வேற மாதிரி இருக்கும்.

இந்த ஊர்ல பல வீட்டுக்கு கேஸ் லைன் கிடையாது. ஆயில் பாய்லரா, எல்பிஜியா, ஸ்டோரேஜ் ஹீட்டரானு கேட்டுக்கோங்க. ஸ்டோரேஜ் ஹீட்டர்னா ராத்திரி சீப் கரண்ட்ல சூட ஏத்தி வெச்சு பகல்ல விடும், சாயங்காலம் ஆகறப்ப சூடு தீந்து போயிருக்கும், மதியம் போய் சுவிட்ச தட்டினா உடனே சூடு வராது. ஜனவரில கைக்குழந்தையோட போறவங்க ஸ்டோரேஜ் ஹீட்டர் மட்டும் இருக்கற வீட்ட எடுக்காதீங்க.

ஜன்னல் ஒத்தைக் கண்ணாடியா இருந்தா ஓனர திட்டிப் பிரயோஜனம் இல்ல. லிஸ்டட் பில்டிங்னா, அதாவது சட்டப்படி பாதுகாக்கற பழைய கட்டிடம்னா, பழைய ஜன்னல மாத்தறதுக்கே பர்மிஷன் வாங்கணும். காலைல கண்ணாடி முழுக்க தண்ணி வழியும், துடைச்சு விட்டுட்டு கொஞ்ச நேரம் தொறந்து வைங்க. இந்தச் சுவர் ஈரத்த இழுத்து வெளிய விடற மாதிரி சுண்ணாம்புல கட்டினது, அதுக்கு மேல யாராவது புத்திசாலித்தனமா சிமெண்ட் பூசியிருந்தா ஈரம் உள்ளயே மாட்டிக்கும், அந்த வீட்டுக்குள்ள நொழஞ்சதும் ஒரு பூஞ்சை வாடை அடிக்கும். ரிவ்யூல "டாம்ப் ஸ்மெல்"னு ஒண்ணுக்கு மேல பாத்தீங்கன்னா வேற வீடு பாருங்க.

விறகு அடுப்பு மூட்டத் தெரியாதே?

லாக் பர்னர் கஷ்டமே இல்ல. ஃபயர்லைட்டர் ஒண்ணு, அதுமேல சுள்ளி, காத்து வர்ற ரெண்டு ஓட்டையும் முழுசா தொறந்து பத்த வைங்க, நல்லா எரிய ஆரம்பிச்சதும் ஒரே ஒரு கட்டை போட்டு அடி ஓட்டைய மெல்ல மூடுங்க. கண்ணாடி கருகுதுன்னா காத்து பத்தல இல்ல விறகு ஈரம். "ரெடி டு பர்ன்" முத்திரை இருக்கற மூட்டையா வாங்குங்க, ஈரப்பதம் 20 சதவீதத்துக்குள்ள இருக்கும்னு அர்த்தம், 2021 மே மாசத்துலேர்ந்து இங்கிலாந்துல ஈர விறக சின்ன மூட்டையா விக்கவே கூடாது. சாம்பல பிளாஸ்டிக் குப்பைத்தொட்டில கொட்டிடாதீங்க, மறுநாள் கூட உள்ள கங்கு இருக்கும், அதுக்குன்னு ஒரு இரும்பு வாளி வெச்சிருப்பாங்க. ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி கார்பன் மோனாக்சைடு அலாரம் எங்க இருக்குனு பாத்து டெஸ்ட் பட்டன ஒரு தடவை அமுக்கிடுங்க. அலாரமே இல்லைன்னா அடுப்பப் பத்த வைக்காதீங்க.

நம்ம சமையல் பண்ணலாமா?

தாராளமா. ஆனா பண்ற விதம் இருக்கு.

முதல்ல ஸ்மோக் அலாரம். சமையலறை உத்தரம் தலைக்கு மேல ஒரு சாண்ல இருக்கும், கடுகு வெடிச்சு மொளகா கருகினா மொத்த பள்ளத்தாக்குக்கும் கேக்கற மாதிரி கத்தும். தாளிக்கறப்ப ஹால் கதவ சாத்திட்டு ஜன்னல தொறந்து வைங்க, அலாரத்த கழட்டி மட்டும் வெக்காதீங்க. ரெண்டாவது மஞ்சள். அந்த வெள்ளை மேடை, மரக் கரண்டி, க்ரீம் கலர் சோபா எல்லாத்துலயும் மஞ்சள் பட்டா டெபாசிட் போச்சுனு வெச்சுக்கோங்க. மூணாவது எண்ணெய், அப்பளம் பொரிச்ச எண்ணெய சிங்க்ல ஊத்தவே கூடாது, ஏன்னு கீழ சொல்றேன்.

மிக்சி இருக்காது. தேங்கா சட்னி வேணும்னா அரைச்சு டப்பால எடுத்துட்டு போங்க. குக்கர், தோசைக்கல்லு, அஞ்சறைப்பெட்டி நம்மளோடது. அடுப்பு இண்டக்‌ஷனானு கேட்டுக்கோங்க, அலுமினிய இட்லிக்குண்டானும் அலுமினிய கடாயும் அதுல வேலைக்கு ஆகாது. சில வீட்டுல ஆகானு ஒரு பெரிய இரும்பு அடுப்பு இருக்கும், நோபல் பரிசு வாங்கின ஸ்வீடன் விஞ்ஞானி குஸ்டாஃப் டாலென் 1922ல கண்டுபிடிச்சது, பழைய மாடலா இருந்தா எந்நேரமும் சூடாவே இருக்கும், தீய கூட்டறதுக்கு கொறைக்கறதுக்கு திருகு கிடையாது, பாத்திரத்த சூடான தட்டுக்கும் மிதமான தட்டுக்கும் மாத்திக்கிட்டே இருக்கணும். ரசம் வைக்கறவங்க கொஞ்சம் திணறுவாங்க, ஆனா இட்லி மாவு பாத்திரத்த ராத்திரி அது பக்கத்துல ஒரு ஸ்டூல்ல வெச்சு பாருங்க, வெளிய உறைபனி அடிச்சாலும் காலைல பொங்கி நிக்கும்.

கருவேப்பில, பச்சமொளகா, புளி எல்லாம் போற வழியில வாங்கிடுங்க, பிராட்ஃபோர்டுல எல்லாமே கிடைக்கும், அதுக்கப்புறம் கிடைக்காது. காய்கறி ஸ்கிப்டன் சந்தையில நல்லாருக்கும், திங்கள், புதன், வெள்ளி, சனி. ஹாஸ்ல செவ்வாக்கிழமை சந்தை, வென்ஸ்லிடேல் சீஸ் செய்யற ஊரும் அதுதான். பப்புல சாப்பிடலாம்னா நேரம் கேட்டுட்டு போங்க, மதியம் ரெண்டு ரெண்டரைக்கு கிச்சன மூடிடற எடம் நெறைய, மூணு மணிக்கு பசியோட போய் நின்னா சிப்ஸ் பாக்கெட்தான்.

பாத்ரூம் எப்படி?

ஒண்ணுதான் இருக்கும், அது படிக்கட்டுக்கு கீழயோ சாய்ஞ்ச கூரைக்கு அடியிலயோ இருக்கும். ஷவர் இல்லாம டப் மட்டும் இருக்கற வீடும் உண்டு. மக்கு ஒண்ணு எடுத்துட்டு போங்க, இத யாரும் சொல்ல மாட்டாங்க. தரை மரப்பலகைனா டப்புக்கு வெளிய தண்ணிய இறைச்சு ஊத்தக் கூடாது, கீழ ஹால் சீலிங்ல சொட்டும்.

கழிவுத் தண்ணி செப்டிக் டேங்குக்குப் போற வீடுதான் அதிகம். எண்ணெய், சோறு, வெட் வைப்ஸ், நாப்கின் எதுவும் உள்ள போகக் கூடாது, ப்ளீச்ச பாட்டில் பாட்டிலா ஊத்தினா உள்ள இருக்கற பாக்டீரியா செத்து டேங்க் வேலையே செய்யாது. வைப்ஸ் பாக்கெட்ல "ஃப்ளஷபிள்"னு போட்டிருந்தாலும் நம்பாதீங்க. குடிதண்ணி மலை ஊத்துலேர்ந்தோ போர்லேர்ந்தோ வந்தா ஃபில்டரும் யூவி லைட்டும் வெச்சிருப்பாங்க, அந்த யூவி பெட்டி சுவிட்ச போன் சார்ஜ் போடறேன்னு யாராவது ஆஃப் பண்ணிட போறாங்க, பசங்ககிட்ட சொல்லி வைங்க.

போன் சிக்னல், வைஃபை?

வைஃபை பெரும்பாலும் இருக்கு, சிக்னல்தான் இருக்காது. ரெண்டு அடி கல்லு அதையும் தடுக்கும், பள்ளத்தாக்கும் தடுக்கும். போன்ல வைஃபை காலிங்க வீட்லயே ஆன் பண்ணிட்டு கிளம்புங்க. பழைய கட்டிடங்கள சரி பண்ணி லீவுக்கு விடற லேண்ட்மார்க் டிரஸ்ட் அமைப்போட வீடுங்கள்ல டிவியே வெக்க மாட்டாங்க, அது அவங்க கொள்கை.

போற வழிக்கு போஸ்ட்கோட நம்பாதீங்க. கிராமத்துல ஒரே போஸ்ட்கோடு பல பண்ணைக்கு சேத்து இருக்கும், சாட்நாவ் எங்கயோ ஒரு வயல் கேட்ல கொண்டு போய் "வந்து சேர்ந்துட்டீங்க"னு சொல்லிடும். ஓனர் அனுப்பற வழிக்குறிப்ப பிரிண்ட் எடுத்துக்கோங்க, மேப்ப ஆஃப்லைன்ல இறக்கி வைங்க, முதல் நாள் வெளிச்சத்துலயே போய் சேருங்க. ரோடு ஒரு கார் அகலம்தான், ரெண்டு பக்கமும் கல்லுச் சுவர், எதிர்ல டிராக்டர் வந்தா ஒதுங்கற எடம் வரைக்கும் ரிவர்ஸ்ல போகணும். ஹாஸ்லேர்ந்து ஸ்வேல்டேலுக்கு பட்டர்டப்ஸ் கணவாய் வழியா போற ரோடு அருமையா இருக்கும், ஆனா செங்குத்து, புதுசா லைசன்ஸ் வாங்கினவங்க கிட்ட ஸ்டியரிங்க குடுக்காதீங்க. எலக்ட்ரிக் கார்னா சார்ஜர் இருக்கானு கேளுங்க, பழைய வயரிங்ல சாதா பிளக்ல போட்டு சார்ஜ் பண்றத பல ஓனருங்க ஒத்துக்க மாட்டாங்க.

கார் இல்லாம போகலாமா?

செட்டில், ஹார்ட்டன்னு ஸ்டேஷன் பக்கத்துலயே வீடு எடுத்தா போகலாம். செட்டில்-கார்லைல் ரயிலே ஒரு அனுபவம், 24 வளைவு இருக்கற ரிபிள்ஹெட் பாலத்து மேல போகும். ஆனா டென்ட் ஸ்டேஷன் பேர பாத்துட்டு டென்ட் ஊர்ல வீடு எடுத்துடாதீங்க, ஸ்டேஷன்லேர்ந்து ஊரு நாலு மைலுக்கு மேல.

ஊர்லேர்ந்து அப்பா அம்மா வந்திருக்காங்க, கூட்டிட்டு போகலாமா?

போகலாம், வீட்ட பாத்து எடுங்க. படிக்கட்டு செங்குத்தா குறுகலா இருக்கும், சில இடத்துல கைப்பிடிக்கு பதிலா ஒரு கயிறு. தரை கல்லு மேடு பள்ளமா இருக்கும், கதவு நிலை ஆறடி கூட இருக்காது. முட்டி வலி இருக்கறவங்களுக்கு கீழ்த்தளத்துல பெட்ரூமும் பாத்ரூமும் ரெண்டும் இருக்கானு ஓனர்கிட்டயே எழுதிக் கேளுங்க, ஏன்னா "கிரவுண்ட் ஃப்ளோர் பெட்ரூம்"னு போட்டுட்டு பாத்ரூம் மாடில இருக்கற வீடு உண்டு. ராத்திரி எந்திரிக்கறவங்களுக்கு சின்ன பிளக் லைட் ஒண்ணு வாங்கிட்டு போங்க, அங்க தெருவிளக்கே கிடையாது. அந்த இருட்டுலயும் ஒரு லாபம் இருக்கு, 2020 டிசம்பர்லேர்ந்து டேல்ஸ் டார்க் ஸ்கை ரிசர்வ், அதாவது ராத்திரி வானத்தோட இருட்ட பாதுகாக்கற எடம், மேகம் இல்லைன்னா ஸ்வெட்டர போட்டு அவங்கள வெளிய ஒரு நாற்காலில உக்கார வைங்க, பால்வீதியே தெரியும்.

சின்னப் பசங்கன்னா வீட்டுக்குப் பின்னாடி ஓடை இருக்கா, வேலி இருக்கா, அடுப்புக்கு தடுப்பு இருக்கானு கேளுங்க.

ஆறு பேர் வீட்டுல எட்டு பேர் படுத்துக்கலாமா?

கூடாது. இன்சூரன்ஸ், தீ விபத்து விதி, செப்டிக் டேங்க் எல்லாம் அந்த எண்ணிக்கைக்குத்தான். கண்டுபிடிச்சா பாதில கிளம்பச் சொல்ல காண்ட்ராக்ட்லயே எடம் இருக்கும். லீட்ஸ்ல இருக்கற சித்தப்பா குடும்பம் மதியம் சாப்பாட்டுக்கு மட்டும் வர்றதா இருந்தாலும் ஓனர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க. "ஆறு பேர்"ல ஹால் சோபா பெட்டும் சேத்தியானும் பாத்துக்கோங்க.

ஈ, எலி, வௌவால்னு ரிவ்யூல பாத்தேன், பயமா இருக்கு?

பழைய வீடு, சுத்தி வயல், கொஞ்சம் இருக்கும்தான். குளிர்காலத்துல ஜன்னல் ஓரம் மந்தமா ஈ கூட்டம் கெடந்தா அது அழுக்குனால வந்தது இல்ல, சுவர் இடுக்குல குளிருக்கு ஒதுங்கின ஈ, சூடு பட்டதும் வெளிய வருது. வௌவால் கூரைல இருந்தா தொடவோ விரட்டவோ ஓட்டைய அடைக்கவோ கூடாது, இந்த நாட்டுல எல்லா வௌவாலுக்கும் அதோட இருப்பிடத்துக்கும் சட்டப் பாதுகாப்பு இருக்கு. ஓனருக்கு சொல்லுங்க போதும்.

பக்கத்து வயல்ல நடக்கலாமா, யாராவது திட்டுவாங்களா?

மஞ்சள் அம்பு போட்ட பாதையில போனா அது உங்க உரிமை, வயல் யாருதா இருந்தாலும் சரி. கேட் மூடியிருந்தா மூடிட்டு போங்க, தொறந்திருந்தா தொறந்தே விடுங்க. கல்லுச் சுவர் மேல மட்டும் ஏறாதீங்க, சாந்தே இல்லாம கல்லு மேல கல்லா அடுக்கினது, ஒருத்தர் ஏறி சரிஞ்சா விவசாயிக்கு அரை நாள் வேலை. ஏப்ரல்ல ஆட்டுக்குட்டி நேரம், நாய கயித்துலயே வைங்க.

டிசம்பர்ல பனி பெஞ்சு மாட்டிக்கிட்டா?

மாட்டிக்கலாம். 2021 நவம்பர்ல ஆர்வென் புயல் வந்தப்ப டான் ஹில்னு 1,732 அடி உயரத்துல இருக்கற பப்புல, பிரிட்டன்லயே உயரமான பப் அது, பாட்டுக் கச்சேரி கேக்கப் போன கூட்டம் மூணு ராத்திரி அங்கயே மாட்டிக்கிச்சு. அவங்களுக்கு பீர் இருந்துச்சு, உங்களுக்கு அரிசியும் பருப்பும் இருந்தா சரி. அதே புயல்ல வடக்கு இங்கிலாந்துல சில வீடுங்களுக்கு ஒரு வாரத்துக்கு மேல கரண்டே இல்ல, கரண்ட் போனா ஆயில் பாய்லரும் நிக்கும், போர் தண்ணியும் நிக்கும். அதனால குளிர்காலத்துக்கு விறகு அடுப்பு இருக்கற வீடா எடுங்க, டார்ச், பவர் பேங்க், ரெண்டு கேன் தண்ணி கார்ல போடுங்க. 105னு அடிச்சா கரண்ட் கம்பெனிக்கு போகும், காசு கிடையாது.

ஊர்க்காரங்க எப்படி நடத்துவாங்க?

கடையில, பாதையில பாத்தா ஹலோ சொல்லுவாங்க, நீங்களும் சொல்லுங்க. சில பேருக்கு காட்டேஜ் வாடகை மேலயே கோவம் இருக்கும், அதுல நியாயமும் இருக்கு, வீடெல்லாம் லீவு வீடாயிட்டா அந்த ஊர்ல பொறந்த பசங்களுக்கு வீடு வாங்க முடியாம போயிடுது. விட்பிங்கற கடலோர ஊர்ல 2022ல ஊர்க்காரங்க ஓட்டெடுப்பு நடத்தி, புதுசா கட்டற வீடு நிரந்தரமா குடியிருக்கறவங்களுக்குத்தான்னு பெரும்பான்மையா சொன்னாங்க. அவங்க கோவம் உங்க மேல இல்ல. கிராமக் கடையிலயே பாலும் பிரெட்டும் வாங்குங்க, ராத்திரி பத்துக்கு மேல வெளிய ஸ்பீக்கர் போடாதீங்க, அந்தப் பள்ளத்தாக்குல சத்தம் ரொம்ப தூரம் போகும்.

கிளம்பற அன்னைக்கு என்ன பண்ணணும்?

10 மணினா 10 மணிதான், 11 வரைக்கும் இழுத்தா சுத்தம் பண்ண வர்றவங்க வாசல்லயே நிப்பாங்க. பாத்திரம் கழுவி வைங்க, குப்பைய அவங்க சொன்ன கலர் டப்பால பிரிச்சு போடுங்க, ஃப்ரிட்ஜ்ல மீதி சாம்பார வெச்சுட்டு வராதீங்க. ஏதாவது உடைஞ்சிருந்தா நீங்களே முன்னாடி சொல்லிடுங்க, ஒரு கிளாஸ் உடைஞ்சதுக்கெல்லாம் பெரும்பாலான ஓனர் காசு கேக்க மாட்டாங்க, மறைச்சா கேப்பாங்க. ஹீட்டிங்க முழுசா ஆஃப் பண்ணணுமா கம்மியா விட்டுட்டு போகணுமானு ஃபைல்ல எழுதியிருக்கும், குளிர்காலத்துல பைப் உறையாம இருக்கறதுக்காக விட்டுட்டு போகச் சொல்லுவாங்க, அத பாத்து செய்யுங்க. சாவிய நம்பர் பெட்டிக்குள்ள போட்டு நம்பர கலைச்சு விடுங்க, அதுக்கு முன்னாடி தோசைக்கல்ல எடுத்தாச்சானு ஒரு தடவை பாத்துக்கோங்க.